சின்னப் பள்ளிக்கூடமும் ரெண்டு வண்டிகளும்

மார்ச் கணக்கு முடிப்பு, ஆடிட், இன்ஸ்பெக்ஷன்னு ஓடிக்கிட்டே இருந்ததில் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. நடுவில் 2025 பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். அங்கே நடந்த ஒரு விஷயத்தை எழுதணும்னு அப்பவே நினைத்தேன். வழக்கமா நான் எழுதுகிற கொசுவர்த்திப் பதிவுதான் இதுவும். ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் சரித்திரமும் சேர்ந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. ஊருக்குள் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. ஊரில் அதற்குச் சின்னப் பள்ளிக்கூடம் என்று பெயர். (பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி, பெரிய பள்ளிக்கூடம்.) ஓட்டுக் கட்டடம், ரெண்டு வாத்தியார், அஞ்சு வகுப்பு, முன்னால் ஒரு வேப்ப மரம். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருடைய பள்ளிக்கூடமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பழைய மாணவர்கள் எல்லாம் கூடலாம் என்று ஊரில் ஏற்பாடு செய்திருந்தார்கள். 2022 டிசம்பரில் அரசாங்கம் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்று ஒரு திட்டம் தொடங்கியது நினைவிருக்கும். படித்தவர்கள் தங்கள் பள்ளிக்குத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். அதை ஒட்டித்தான் இதுவும். சென்னை, திருப்பூர், பெங்களூர், பம்பாய் என்று பிழைக்கப் போனவர்கள் பொங்கலுக்கு வந்திருந்ததால் நல்ல கூட்டம்.

நானும் கிளம்பினேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் என்னத்துக்கு தம்பி? நான் அஞ்சாப்பு முடிக்கவே இல்லையே. நீங்கல்லாம் படிச்சவுக. நீ போயிட்டு வா."

கட்டாயப்படுத்தித்தான் கூட்டிப் போனேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வந்தவர்களில் மூத்தவர் எனக்கு மாமா முறை. எண்பதை நெருங்குகிறார். அவர்தான் முதலில் பேசினார். அவர் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு கிடையாதாம். தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத வேண்டும். எழுத்தின் மேல் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்க வேண்டும். வாத்தியார் பெரிய வகுப்பில் இருந்தால் சட்டாம்பிள்ளைதான் சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பானாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை ஆசிரமத்தை நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து, அதையே தன் பள்ளியில் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. வாத்தியார் பற்றாக்குறைக்கு நம் ஊர் கண்டுபிடித்த வழி கப்பலேறிப் போயிருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "அப்ப அந்தச் சட்டாம்பிள்ளைகளுக்குச் சம்பளம் யாருப்பா குடுத்தா?" என்று கேட்டார். பேங்க்காரனான எனக்கே தோன்றாத கேள்வி :-)

மாமா எழுந்து போய்க் கரும்பலகையில் 'யானை' என்று எழுதினார். 'னை' பழைய எழுத்து, தும்பிக்கை போட்டது. எங்களில் நாற்பதைத் தாண்டாதவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அந்தத் தும்பிக்கை போய்விட்டது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கரும்பலகை. யார் எந்த வருஷம் படித்தார்கள் என்பதை ஓர் எழுத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

எழுத்தைவிடவும் நன்றாக வருஷத்தைக் காட்டிக்கொடுக்கிற இன்னொன்று இருக்கிறது. சோறு. அன்றைக்கு யார் பேச எழுந்தாலும் கடைசியில் சோற்றில்தான் வந்து நின்றார்கள்.

மாமா காலத்தில் ஒன்றாம் வகுப்பில் மத்தியானச் சோறு கிடையாது. மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது வந்தது. காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எட்டயபுரத்தில். எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அது முழுக்க அரசாங்கச் செலவு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் புதுப் பைசா என்றால் ஆறு பைசா அரசாங்கம், நாலு பைசா ஊர். அந்த நாலு பைசாவுக்காக ஊரில் வீடு வீடாகக் கம்பும் பருப்பும் விறகும் வாங்கியதை மாமா சொன்னார். இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனதில் அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

மாமா இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. "மொத வாரம் சில வீட்டுப் பிள்ளைக தட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருச்சுக. கூட உக்காந்து திங்க மாட்டமின்னு. எங்க தெருப் பிள்ளைகளைக் கடைசியில உக்கார வச்சாக. பெரிய வாத்தியார்தான் ஒரே வரிசைன்னு ஒத்தக்கால்ல நின்னாரு." அந்த இடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர் அதே கூட்டத்தில், முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே எழுந்து, "நெசம்தான்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து பேசிய ஓர் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவர் காலத்துச் சோறு கோதுமைச் சோறு. 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பு 1961 முதல் தமிழ்நாட்டு மதிய உணவுக்குக் கோதுமை, எண்ணெய், பால்பவுடர் எல்லாம் கொடுத்தது. தகர டப்பாவில் ரெண்டு கை குலுக்கிக்கொள்கிற படம் இருக்குமே, அதை அவர் இன்னும் மறக்கவில்லை. அவர் வீட்டில் அந்த டப்பா இப்போதும் இருக்கிறதாம், உப்புப் போட்டு வைக்க.

அப்புறம் எங்க காலம். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1984. தட்டு, வரிசை, ஆயா, சாம்பார் வாசம் எல்லாம் சேர்ந்துதான் எனக்குப் பள்ளிக்கூடம். முட்டை மட்டும் என் சின்னப் பள்ளிக்கூடத்தில் இல்லை. நான் 1989-இல் அஞ்சாவது முடித்து வெளியே போக, அதே வருஷம் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை உள்ளே வந்தது. இப்போதைய பிள்ளைகளுக்குக் காலையிலேயே உப்புமாவும் பொங்கலும் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

இதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. எல்லாரும் சிரித்தோம், கண் கலங்கினோம். அப்போது தலைமை ஆசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பேங்க்கில் இருபது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் பார்த்தவன் நான். பேரேடு என்றால் கை சும்மா இருக்காது. புரட்டினேன். சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி. எங்க வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருக்கிறோம்! வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் அஞ்சு வயசு. தொட்ட பிள்ளைக்குத் தேதியை வாத்தியார் போட்டுக்கொள்வார். இன்றைக்கும் பேங்க்கில் கணக்குத் தொடங்க வருகிற நம் பக்கத்து ஆட்களின் பிறந்த தேதியைப் பார்த்தால் எனக்கு அந்த வாத்தியார்தான் கண்ணுக்குள் வருவார்.

கடைசியில் ஒரு பத்தி. 'நீங்கிய நாள், காரணம்'. அதைத்தான் நான் அதுவரை யோசித்ததே இல்லை.

எங்களோடு சேர்ந்த பிள்ளைகளில் பாதி பெண்பிள்ளைகள். விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டே வந்தேன். மூன்றாம் வகுப்பில் நீக்கம். நான்காம் வகுப்பில் நீக்கம். மறுபடியும் மூன்றாம் வகுப்பு. காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: 'தொடர்ந்து வராமை'. அஞ்சாவது முடித்த பெண்பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். சத்துணவு நடந்துகொண்டிருந்த வருஷங்கள்தான் அவை. பிறகு எங்கே போனார்கள்?

எங்க பக்கத்துக்காரர்களுக்கு விடை தெரியும். தீப்பெட்டி ஆபீஸ்.

சிவகாசியிலிருந்து ரெண்டு பேர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை இல்லாத பூமிக்கு அந்தத் தொழில் சோறு போட்டது, அதை மறுக்க முடியாது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. கையால் செய்கிற தீப்பெட்டியில் குச்சியைக் கட்டையில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். அதற்குச் சின்ன விரல்தான் வாகு என்று சொல்லியே பிள்ளைகளை எடுத்தார்கள், அதிலும் பெண்பிள்ளைகளை. விடியுமுன்னே வேன் வரும். தூக்கக் கலக்கத்தில் தூக்குவாளியோடு ஏறுவார்கள். இருட்டின பிறகு இறக்கிவிடுவார்கள். அப்பா அம்மா முன்பணம் வாங்கியிருந்தால் பிள்ளை வேலையை விட்டு நிற்க முடியாது. எங்க பேங்க் பாஷையில் சொன்னால் பிள்ளைதான் ஈடு.

சோறு பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு. வேன் விடிகாலை நாலரைக்கு. எது முந்தும்?

இதை எழுதுகிற நான் இப்போது இருப்பது வதோதராவில். நம்மாட்கள் இன்னும் பரோடா என்றுதான் சொல்கிறோம். இந்த ஊர் மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், 1893-இல் அம்ரேலி வட்டாரத்தில் கட்டாய ஆரம்பக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கி, 1906-இல் சமஸ்தானம் முழுக்கக் கொண்டுவந்தார். ஆண்பிள்ளைக்கு மட்டும் இல்லை, பெண்பிள்ளைக்கும். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம். இந்த உதாரணத்தைக் கண்ணெதிரே வைத்துத்தான் கோகலே 1911-இல் நாடு முழுவதற்கும் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1912-இல் அதைத் தோற்கடித்துவிட்டார்கள்.

நம் பக்கத்தைப் பாருங்கள். சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் வந்த கணக்கில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்பிள்ளைகள் 4,540. அந்தக் காலத்துக்குப் பள்ளிகள் குறைவே இல்லை. பெண்பிள்ளைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நூற்றைம்பது வருஷம் கழித்து எங்க ஊர்ப் பதிவேட்டின் கடைசிப் பத்தியிலும் அவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

பரோடா அபராதம் போட்டுக் கூப்பிட்டது. தமிழ்நாடு சோறு போட்டுக் கூப்பிட்டது. எனக்கு இதில் நம் வழிதான் மனசுக்கு நெருக்கம். பசிக்கிற வீட்டில் போய் அபராதம் கேட்பது கஷ்டம். ஆனால் சோறு மட்டும் போதவில்லை என்பதும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவைத்தான் பள்ளிக்கூடம் மிச்சப்படுத்தியது. தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுக்கே செலவுக்குக் கொடுத்தது. ஐந்தொகை போட்டுப் பார்த்தால் பஞ்ச காலத்தில் எந்த அப்பாவும் எந்தப் பக்கம் சாய்வார் என்று தெரிந்துவிடும்.

நிலைமை மாறியது ஒரே நாளில் இல்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் பணத்தை அப்பாவிடம் இல்லாமல் முதலாளியிடம் கேட்டார்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். மெஷின்களும் வந்தன. கொஞ்சம் கொஞ்சமாக விடிகாலை வேனில் சின்னப் பிள்ளைகள் குறைந்தார்கள்.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா என்னைவிட மூன்று வயசு மூத்தவள். 1981-இல் ஒன்றாம் வகுப்பு. அடுத்த வருஷம் சத்துணவு தொடங்கிய முதல் நாள் அவள் அந்த வரிசையில் இருந்தாள். அன்றைக்குப் பேசியவர்களில் யாரும் பார்க்காத முதல் நாள் அது. அவளைப் பேசச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். 1985-இல் நாலாவது படிக்கும்போது நின்றாள். அந்த வருஷம்தான் நான் ரெண்டாம் வகுப்பு. எனக்குப் புது சிலேட்டும் பையும் வந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. பி.காம். படிக்கிறபோதும் கேட்டதில்லை. பேங்க் பரீட்சை எழுதி ஆபீசரான பிறகு வருஷா வருஷம் பொங்கல் சீர் கொடுத்திருக்கிறேன், அப்போதும் அதைப் பற்றிப் பேசினதில்லை. அவள் கல்யாணம் ஆகிற வரைக்கும் கட்டை அடுக்கினாள்.

கூட்டம் கலைந்த பிறகு மெதுவாக மேசைப் பக்கம் வந்தாள்.

"தம்பி, இதுல எம் பேரு இருக்குமா? அடிச்சிருப்பாகளா?"

தேடினேன். இருந்தது. நீல மையில், எங்க பெரிய வாத்தியாரின் சாய்ந்த கையெழுத்தில். அடிக்கவில்லை. கடைசிப் பத்தியில் மட்டும் அதே ரெண்டு வார்த்தை.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தொடர்ந்து வராமை... நான் எங்க தம்பி வராம இருந்தேன்? விட்டாத்தானே வர்றதுக்கு?" கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பன்னெண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் நான்தான் மொதல்ல ஒப்பிப்பேன். பன்னிரு பன்னெண்டு நூத்தி நாப்பத்தி நாலு. ஒரு குரோசுக்கு நூத்தி நாப்பத்தி நாலு பெட்டி. கணக்கப்பிள்ளை என்னை ஏமாத்த முடியாது, தெரியுமா? அந்த வாத்தியார் புண்ணியம்."

அவள் மகள் நர்சிங் முடித்து மதுரையில் வேலை பார்க்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமுறையில் பதிவேடு நேராகியிருக்கிறது. ஆனால் அக்காவின் கணக்கு நேராகவில்லை. அதை யாரும் இனி சரிக்கட்டவும் முடியாது.

வதோதராவுக்குத் திரும்பின பிறகு இங்கே இருக்கிற பழைய கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. 1985-இல் எங்க ஊரில் பரோடா சட்டம் இருந்து, எங்க அப்பாவுக்கு அபராதம் போட்டிருந்தால்? அக்கா படித்திருப்பாளா? இல்லை, அந்த அபராதத்தைக் கட்டவும் அக்காவையே வேலைக்கு அனுப்பியிருப்பாரா? எனக்கு விடை கிடைக்கவில்லை. அப்பாவும் இப்போது இல்லை, கேட்பதற்கு.

இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மிகக் குறைவு. நல்ல வகுப்பறை இருக்கிறது, காலையும் மத்தியானமும் சாப்பாடு இருக்கிறது, கரிசனமான டீச்சர் இருக்கிறார். ஆனால் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் ஒன்று ஊருக்குள் வந்து இங்கிலீஷ் மீடியத்துக்குப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அன்றைக்கு ஒரு வண்டி, இன்றைக்கு ஒரு வண்டி. ரெண்டையும் ஒன்றாகச் சொல்ல மாட்டேன். ஒன்று பிள்ளையைக் கெடுத்தது, இன்னொன்று படிக்கத்தான் கூட்டிப் போகிறது. ஆனால் சின்னப் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் ரெண்டும் ஒரே மாதிரிதான் விழுகிறது. குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை. என் பிள்ளைகள் ரெண்டும் இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில்தான் படிக்கின்றன. 'யானை'யைப் புது எழுத்திலும் எழுதத் தெரியாது, பழைய எழுத்திலும் எழுதத் தெரியாது.

அன்றைக்குப் பணம் சேர்த்தோம். கழிப்பறை, குடிதண்ணீர்த் தொட்டி, ஒரு நல்ல அலமாரி என்று முடிவாகியிருக்கிறது. நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். அடுத்த பொங்கலுக்குக் கூடும்போது 'படித்து முடித்தவர்கள்' என்று அழைப்பு அடிக்க வேண்டாம். அந்தப் பதிவேட்டில் பேர் இருக்கிற எல்லாரையும் கூப்பிடுவோம், கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. தலைமை ஆசிரியை சரி என்றார். நின்றுபோன பெண்களின் பட்டியலை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. லெட்ஜர் பார்த்த கை அல்லவா.

உங்களிடமும் இதைத்தான் சொல்ல நினைத்தேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது உங்கள் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வேப்ப மரத்தைப் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயருக்கு மேலேயும் கீழேயும் யார் யார் பெயர் இருக்கிறது, அவர்கள் எப்போது, எதற்காக நின்றார்கள் என்று பாருங்கள். அதில் உங்கள் அக்கா பெயரும் இருக்கலாம்.